ஒரே அரிசி மாவு, இரண்டு பாக்கெட்டுகள்: குளூட்டனைத் தவிர்ப்பவர் எதை நம்புவது?

கடை அலமாரியில் இரண்டு அரிசி மாவு பாக்கெட்டுகள் அருகருகே இருக்கின்றன. ஒன்றின் முகப்பில் ‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சிட்டிருக்கிறார்கள், விலையும் கூடுதல். மற்றதில் ‘அரிசி மாவு’ என்பதோடு சரி. திருப்பிப் பார்த்தால் இரண்டிலும் உட்பொருள் ஒன்றே ஒன்றுதான்: அரிசி. கோதுமையில் உள்ள குளூட்டன் என்கிற புரதம் அரிசியில் கிடையாது. பிறகு எதற்காகக் கூடுதல் காசு?

என் மகளுக்கு, குளூட்டன் சாப்பிட்டால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் என்று உறுதியான முதல் வாரத்தில் இந்தக் கேள்வியோடு நான் அலமாரி முன் நின்றிருக்கிறேன். விலை குறைந்ததையே எடுத்துவந்தேன். அந்த முடிவு ஏன் தவறு என்பதும், அதே கணக்கு வேறு பல பொருள்களுக்கு ஏன் சரி என்பதும் விளங்க எனக்கு ஓராண்டு பிடித்தது. புதிதாக இந்த உணவுமுறைக்கு வருகிறவர்கள் அந்த ஓராண்டை இழக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஒரு பொருள் பாதுகாப்பானதா என்று முடிவு செய்ய மக்கள் கையாளும் வழிகள் நான்கு. இயற்கையிலேயே குளூட்டன் இல்லாத பொருள்களோடு நிறுத்திக்கொள்வது. பாக்கெட்டின் பின்பக்கத்தை வரிவிடாமல் படித்து முடிவெடுப்பது. ‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சிட்டதை மட்டும் வாங்குவது. சாப்பிட்டுப் பார்த்து, உடம்பு ஏற்றுக்கொண்டால் தொடர்வது. முதல் மூன்றுக்கும் அதனதன் இடம் உண்டு. நான்காவதற்கு இடமே கிடையாது என்பது என் முடிவு.

யாருக்காகத் தவிர்க்கிறீர்கள்?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள ஒருவகைச் சேமிப்புப் புரதங்களுக்குப் பொதுவாக வழங்கும் பெயர்தான் குளூட்டன். பிசைந்த கோதுமை மாவு அறுபடாமல் இழுபடுவது அதனால்தான். அதைத் தவிர்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே காரணத்துக்காகத் தவிர்ப்பதில்லை. ஆகவே எல்லோருக்கும் ஒரே அளவு கண்டிப்பும் வேண்டியதில்லை.

சீலியாக் நோய் ஒவ்வாமை அல்ல. குளூட்டன் உள்ளே போனதும் உடலின் எதிர்ப்பாற்றலே சிறுகுடலின் உட்சுவர்மீது திரும்புகிறது. சத்தை உறிஞ்சும் விரல் போன்ற குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. உலக மக்களில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது, அவர்களில் பலருக்குத் தெரியாமலேயே. இவர்களுக்குத் துணுக்கும் கணக்கில் சேரும். கோதுமை ஒவ்வாமை வேறு. அது உள்ளவர்கள் கோதுமையை அறவே விலக்க வேண்டும். ஆனால் பார்லியும் ரையும் சிலருக்கு ஒத்துக்கொள்ளும், அதை மருத்துவர் சோதித்துச் சொல்ல வேண்டும். மூன்றாவது கூட்டம், இந்த இரண்டும் இல்லாமலே கோதுமை சாப்பிட்டால் வயிறு உப்பிச் சோர்ந்துபோகிறவர்கள். இவர்களில் சிலருக்குத் தொல்லை தருவது குளூட்டன்கூட அல்ல, கோதுமையில் உள்ள ஃப்ரக்டான் என்கிற கார்போஹைட்ரேட் வகை. ரொட்டியையும் பாஸ்தாவையும் நிறுத்துவதே இவர்களுக்குப் பெரும்பாலும் போதுமானதாக இருக்கும். கீழே நான் எழுதுகிற கண்டிப்பு முழுவதும் சீலியாக் நோயாளிகளுக்கானது.

ஒரு வேண்டுகோள்: சோதனை செய்துகொள்ளாமல் இந்த உணவுமுறையைத் தொடங்காதீர்கள். சீலியாக் நோய்க்கான ரத்தச் சோதனையும் குடல் திசுச் சோதனையும் நீங்கள் குளூட்டன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் சரியான விடை தரும். நிறுத்திச் சில மாதங்கள் கழித்துப் போனால், நோய் இருந்தும் இல்லை என்று வரக்கூடும். பிறகு உண்மையைத் தெரிந்துகொள்ள மறுபடியும் வாரக்கணக்கில் கோதுமை சாப்பிட வேண்டியிருக்கும். நலமாகத் தேறியவரை மீண்டும் அந்த வேதனைக்குள் தள்ளுவது கொடுமை.

ஒரு ரொட்டித் துண்டின் நாற்பதில் ஒரு பங்கு

நான்கு வழிகளையும் எடைபோட ஓர் அளவுகோல் வேண்டும். சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 2008இல் திருத்தி வகுத்த வரம்பு இது: ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இல்லை என்றால் அதைக் ‘குளூட்டன் இல்லாதது’ என்று சொல்லலாம். அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், இந்தியா எங்கும் இதே எண்தான். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் சட்டம் இன்னும் கடுமை. சோதனையில் தென்படும் அளவுக்குக் குளூட்டன் இருந்தாலே அந்தச் சொல்லைப் போட முடியாது.

அந்த 20 மில்லிகிராம் எவ்வளவு சிறியது? ஒரு துண்டுக் கோதுமை ரொட்டியில் சுமார் 2 கிராம் குளூட்டன் இருக்கும், அதாவது 2,000 மில்லிகிராம். இத்தாலிய மருத்துவர்கள் 2007இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நன்றாகத் தேறியிருந்த சீலியாக் நோயாளிகள் சிலருக்கு நாள்தோறும் 50 மில்லிகிராம் குளூட்டனை 90 நாள்கள் கொடுத்துப் பார்த்தார்கள். குடலுறிஞ்சிகள் அளந்து சொல்லும்படி தேய்ந்திருந்தன. 50 மில்லிகிராம் என்பது அந்த ரொட்டித் துண்டை நாற்பதாக வெட்டினால் கிடைக்கும் ஒரு பங்கு. மேசையிலிருந்து கையால் தட்டிவிடுகிற தூள் அவ்வளவு இருக்கும்.

பொதுவாக நாளொன்றுக்கு 10 மில்லிகிராமுக்குள் நின்றால் பெரும்பாலோருக்குக் கெடுதல் இல்லை என்று கருதப்படுகிறது. கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற வரம்பின் உச்சியிலேயே ஒரு பொருள் இருந்தாலும், அதில் அரைக் கிலோ சாப்பிட்டால்தான் 10 மில்லிகிராம் சேரும். அந்த வரம்பை நம்பலாம் என்று நான் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

உடம்பு சொல்லும் என்று காத்திருப்பது

நான்காவது வழியை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். ‘எனக்கு ஒன்றும் ஆகவில்லை, அதனால் இது பாதுகாப்பானது’ என்பதைப் போல ஆபத்தான வாக்கியம் இந்த நோயில் வேறில்லை.

மருத்துவர்களே உடம்பின் சொல்லைத் தவறாகப் படித்த கதை ஒன்று உண்டு. 1924இல் நியூயார்க் குழந்தை மருத்துவர் சிட்னி ஹாஸ், சீலியாக் குழந்தைகளுக்கு வாழைப்பழத்தை முதன்மையாக வைத்து ஓர் உணவுமுறையை அறிவித்தார். குழந்தைகள் தேறினார்கள். வாழைப்பழத்தில் ஏதோ மருந்துக் குணம் இருக்கிறது என்று பல ஆண்டுகள் நம்பப்பட்டது. உண்மையில் அந்த உணவுமுறை ரொட்டியையும் தானியங்களையும் விலக்கியிருந்தது. குணம் அதில் இருந்தது. இரண்டாம் உலகப்போரின் இறுதியில், 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் நெதர்லாந்தில் ரொட்டி கிடைக்காமல் போனபோது சீலியாக் குழந்தைகளின் நிலை மேம்பட்டதை டச்சு மருத்துவர் வில்லெம்-காரெல் டிக்கே கவனித்தார். கோதுமையை ஏற்கெனவே சந்தேகித்துவந்தவர் அவர். 1950இல் தம் ஆய்வேட்டில் அதை நிறுவிய பிறகுதான் வாழைப்பழம் அந்தப் பெருமையை இழந்தது.

உடம்பு பேசாமலும் இருந்துவிடும். என் மகள் உணவுமுறை தொடங்கிய இரண்டே மாதங்களில் எடை கூடினாள், முகம் தெளிந்தது, வயிற்றுவலி என்று ஒருநாளும் சொல்லவில்லை. ஆறாம் மாத ரத்தச் சோதனையில், நோயைக் காட்டும் எதிர்ப்பொருளின் (ஆன்டிபாடி) அளவு இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கியிருக்கவில்லை. எங்கோ கசிகிறது என்றார் மருத்துவர். அன்று இரவு சமையலறையில் இருந்த ஒவ்வொரு டப்பாவையும் மேசையில் எடுத்து வைத்தோம். மாற்றியவை இரண்டு: அந்த விலை குறைந்த மாவு, காலையில் அவள் விரும்பிச் சாப்பிட்ட மக்காச்சோள அவல் (கார்ன்ஃப்ளேக்ஸ்). ஓராண்டு நிறைவில் அளவு இயல்புக்கு வந்தது. எது குற்றவாளி என்று எனக்கு இன்றும் பிரித்துச் சொல்லத் தெரியாது. அவள் உடம்பு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பது மட்டும் தெரியும்.

எதிர்மாறாகவும் நடக்கும். குடல் தேய்ந்திருக்கும் நாள்களில் பால்சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடுவதால் பால் குடித்தால் வயிறு கலங்கும். பாலில் குளூட்டன் இல்லை. ஆனால் உடம்பை மட்டும் கேட்பவர் பாலைக் குற்றவாளியாக்கி, நிரந்தரமாக விலக்கி, சுண்ணாம்புச் சத்தை இழப்பார். குடல் ஆறியதும் பெரும்பாலோருக்குப் பால் மறுபடி ஒத்துக்கொள்ளும்.

இயற்கையாகவே இல்லாதவை: மணி வரைக்கும்

நான்கு வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பழம், காய்கறி, கிழங்கு, முட்டை, பால், தயிர், எதுவும் தடவாத மீன், இறைச்சி, கொட்டைகள், எண்ணெய், நெய், சர்க்கரை, உப்பு. இவற்றில் குளூட்டன் இல்லை. தானியங்களில் அரிசி, மக்காச்சோளம், சோளம், கம்பு, கேழ்வரகு, தினை, சாமை, வரகு. இவற்றோடு கீனுவா, கீரைவிதை, பக்வீட். பயறு, பருப்பு வகைகள் அனைத்தும். பட்டியல் இவ்வளவு நீளம் என்பதே முதல் நாள் கலங்கி நிற்பவருக்கு ஆறுதல்.

பெயர்கள் இங்கே இரண்டு பக்கமும் ஏமாற்றும். பக்வீட்டின் ஆங்கிலப் பெயரில் கோதுமை இருக்கிறது. செடிக்கும் கோதுமைக்கும் உறவில்லை. ‘குளூட்டினஸ்’ என்று விற்கப்படும் பசையரிசியில் இருப்பது பசைத்தன்மை மட்டுமே, குளூட்டன் அல்ல. மறுபக்கம், ஸ்பெல்ட், எம்மர், ஐன்கார்ன், கமுத், டூரம் என்று புதிது புதிதாகக் கேட்கும் பெயர்கள் எல்லாம் கோதுமைதான். ரவை, கூஸ்கூஸ், புல்கர் ஆகியவையும் அப்படியே. ‘பழங்காலக் கோதுமை என்பதால் குளூட்டன் குறைவு’ என்று யாராவது சொன்னால் சீலியாக் நோயாளி அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். டிரிடிகேல் என்பது கோதுமையும் ரையும் கலந்த ஒட்டுத் தானியம், அதுவும் கூடாது.

ஆனால் இந்த வழிக்கு ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. நான் அதைக் கண்டுகொண்டது ஒரு வெள்ளைத் தட்டில்.

பயறு விளைந்த வயலில் முந்தைய பருவம் கோதுமை விளைந்திருக்கலாம். அறுவடை இயந்திரம், லாரி, கிடங்கு எல்லாம் பொதுவானவை. அதனால் ஒரு கிலோ பழுப்புப் பயறு வாங்கினால், கைப்பிடி கைப்பிடியாகத் தட்டில் பரப்பி விரலால் தள்ளிப் பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கமாயிற்று. ஒருநாள் மூன்று மணிகள் சிக்கின. இரண்டில் நடுவே நெடுகக் கோடு விழுந்திருந்தது, கோதுமை. ஒன்று இரு முனையும் கூர்ந்து, உமி ஒட்டியபடி இருந்தது, பார்லி. ஒரு கோதுமை மணியின் எடை சுமார் 35 மில்லிகிராம். அதில் குளூட்டன் மூன்று, மூன்றரை மில்லிகிராம் தேறும். மூன்று மணிகள் ஒரே கிண்ணத்தில் விழுந்திருந்தால் அன்றைய 10 மில்லிகிராம் அங்கேயே தீர்ந்தது. எடுத்துக் குப்பையில் போட்டோம், பயறை மூன்று முறை அலசினோம், முடிந்தது வேலை.

இப்போது அதே மூன்று மணிகளும் ஆலையில் அரைபட்டிருந்தால்? யார் கண்ணுக்கும் தெரியாது, யாராலும் பிரிக்க முடியாது. கூடவே, அதே ஆலைக் கல்லில் காலையில் கோதுமை ஓடியிருந்தால் அதன் மிச்சமும் சேரும். அமெரிக்காவில் 2010இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், இயற்கையாகவே குளூட்டன் இல்லாத, ஆனால் அப்படி அச்சிடப்படாத 22 தானிய, விதை, மாவு மாதிரிகளைச் சோதித்தார்கள். 7 மாதிரிகள் 20 மில்லிகிராம் வரம்பைத் தாண்டின. மிக மோசமாக இருந்தது சோயா மாவு. எதிலும் கோதுமையை யாரும் சேர்க்கவில்லை, வழியில் சேர்ந்துகொண்டது.

அலமாரி முன் நின்ற என் கேள்விக்கு விடை அங்கேதான் இருந்தது. அரிசி மணியாக இருக்கும்வரை சாதாரண பாக்கெட்டே போதும். மாவாகிவிட்டால் ‘குளூட்டன் இல்லாதது’ என்ற சான்றுள்ளதுதான் வேண்டும். கூடுதல் காசு அரிசிக்கு அல்ல, தனி ஆலைக்கும் சோதனைக்கும். மூட்டையைத் திறந்து வைத்து அகப்பையால் அள்ளி விற்கும் இடங்களில் மணியாக இருந்தாலும் வாங்காதீர்கள். பக்கத்து மூட்டையின் அகப்பை இதிலும் விழும்.

பின்பக்கத்தைப் படிப்பது

மணிக்கும் சான்றுக்கும் நடுவே கிடக்கிறது பெரிய உலகம்: சாஸ், சூப், ஊறுகாய், மிட்டாய், ஐஸ்கிரீம், உருளைக்கிழங்கு வறுவல், பானங்கள். இவை அனைத்தையும் சான்றோடுதான் வாங்குவேன் என்றால் வாழ்க்கை குறுகிப்போகும். இங்கே படிக்கத் தெரிந்தால் பயம் பாதி குறையும்.

முதலில் தேட வேண்டிய சொல் ‘மால்ட்’. முளைகட்டிய பார்லியின் சாரம் அது. மக்காச்சோள அவல் என்று பெயர் இருக்கும், முதல் உட்பொருளும் மக்காச்சோளமாகவே இருக்கும், நான்காவதாகச் சிறிய எழுத்தில் ‘மால்ட் சாரம்’ என்று வரும். நான் ஆறு மாதம் தவறவிட்ட சொல் அதுதான். முன்பக்கத்துப் படத்தில் மஞ்சள் கதிர் ஒன்று சிரித்துக்கொண்டிருந்ததால் பின்பக்கத்தைத் திருப்பவே எனக்குத் தோன்றவில்லை. சத்துப் பானப் பொடிகள், சில சாக்லேட்டுகள், மால்ட் வினிகர், பீர் எல்லாவற்றிலும் இதே பார்லி. சாதாரண வெள்ளை வினிகர் வடித்தெடுக்கப்பட்டது. அதில் குளூட்டன் வராது. வடித்தெடுத்த மதுவகைகளும் அப்படியே. பார்லியில் காய்ச்சி, பிறகு நொதியால் குளூட்டனைச் சிதைத்ததாகச் சொல்லி விற்கும் பீரை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். புளித்துச் சிதைந்த புரதத்தை வழக்கமான சோதனைகளால் நம்பிக்கையாக அளக்க முடிவதில்லை.

‘மால்ட்’ என்று தொடங்குவதால் மால்டோடெக்ஸ்ட்ரினைக் கண்டு பயப்பட வேண்டாம். அது மாவுச்சத்திலிருந்து எடுப்பது. கோதுமையிலிருந்து எடுத்தாலும் புரதம் ஏறக்குறைய முற்றிலும் நீங்கிவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்கும் குளுக்கோஸ் பாகுக்கும் ஒவ்வாமை அறிவிப்பிலிருந்தே விலக்கு உண்டு. மால்டோஸ், மால்டிடால் ஆகியவையும் பிரச்சினையில்லை.

சோயா சாஸ் பலரை வீழ்த்தும் இடம். பெயரில் சோயா, காய்ச்சுவது சோயாவும் கோதுமையும் சேர்த்து. தமாரி என்ற வகை பெரும்பாலும் கோதுமை இல்லாமல் செய்யப்படுகிறது, ஆனால் எல்லாமும் அல்ல. படித்துத்தான் எடுக்க வேண்டும். சேய்டான் என்று சைவ இறைச்சியாக விற்பது கலப்பில்லாத குளூட்டனேதான். நீராற்பகுத்த தாவரப் புரதம் (ஹைட்ரோலைஸ்டு வெஜிடபிள் புரோட்டீன்) என்று எழுதியிருந்தால் எந்தத் தாவரம் என்று கேளுங்கள். கெட்டியான சூப், கிரேவித் தூள், சூப் கட்டி, மசாலாத் தூள் கலவை, பொரிப்பதற்காக ஏதோ தூவிய உறைந்த உருளைக்கிழங்கு, சாசேஜ், மெல்லும் லிக்கோரிஸ் மிட்டாய் என எதிலும் கோதுமை மாவு ஒளிந்திருக்கும்.

இந்த வழியின் வலிமை நீங்கள் இருக்கும் நாட்டின் சட்டத்தைப் பொறுத்தது என்பதை அறிந்துகொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலும் இந்தியாவிலும் கோதுமை, ரை, பார்லி, ஓட்ஸ் எல்லாவற்றையும் ஒவ்வாமைப் பொருளாக அறிவிக்க வேண்டும். அமெரிக்காவில் அந்தக் கட்டாயப் பட்டியலில் கோதுமை இருக்கிறது; பார்லியும் ரையும் இல்லை. அங்கே ‘கோதுமை உள்ளது’ என்ற வரி இல்லாததைப் பார்த்து நிம்மதியடைந்தால் மால்ட் தப்பித்துப் போய்விடும். ‘கோதுமையின் தடயம் இருக்கக்கூடும்’ என்ற எச்சரிக்கையோ பெரும்பாலான நாடுகளில் நிறுவனத்தின் விருப்பம்தான். இருந்தால் வாங்காதீர்கள். இல்லை என்பதால் மட்டும் வாங்காதீர்கள்.

முன்பக்கத்துச் சொல்

‘குளூட்டன் இல்லாதது’ என்ற சொல்லுக்கு மேலே சொன்ன வரம்பு சட்டப்படி பின்னால் நிற்கிறது. ரொட்டி, பாஸ்தா, பிஸ்கட், எல்லா வகை மாவு, ஓட்ஸ் ஆகியவற்றுக்கு இந்தச் சொல் இல்லாமல் நான் வாங்குவதில்லை. ‘கோதுமை இல்லாதது’ என்பது இதற்கு ஈடல்ல. உள்ளே பார்லி இருக்கலாம். அதேபோல, குளூட்டனை நீக்கிய கோதுமை மாவுச்சத்துச் சேர்த்தும் ‘குளூட்டன் இல்லாத’ ரொட்டி செய்கிறார்கள். சீலியாக் நோயாளிக்கு அது சரி. கோதுமை ஒவ்வாமை உள்ளவருக்கு அது ஆபத்து.

சான்றுள்ள பொருள்களையே முழு உணவாக்கிக்கொள்வதை நான் எதிர்ப்பேன். விலை ஒரு காரணம், ஆனால் பெரிய காரணம் சத்து. குளூட்டன் இல்லாமல் ரொட்டியை உப்பவைக்க மரவள்ளி, மக்காச்சோள, உருளைக்கிழங்கு மாவுச்சத்துகளையும் கூடுதல் கொழுப்பையும் சர்க்கரையையும் சேர்க்கிறார்கள். புரதமும் நார்ச்சத்தும் குறைகின்றன. பல நாடுகளில் கோதுமை மாவில் இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ப்பது வழக்கம். குளூட்டன் இல்லாத மாவுகளில் பெரும்பாலும் அதைச் செய்வதில்லை. ஏற்கெனவே ரத்தசோகையோடு வந்திருக்கும் நோயாளிக்கு அந்த இழப்பு சிறியதல்ல. இந்த இடத்தில் முதல் வழி வென்றுவிடுகிறது: கம்பும் கேழ்வரகும் பயறும் கொடுக்கிற இரும்பையும் நாரையும் எந்தப் பாக்கெட் பிஸ்கட்டும் கொடுப்பதில்லை. அரிசியை மட்டுமே மூன்று வேளையும் நம்புவதும் நல்லதல்ல. நெற்பயிர் மண்ணிலும் நீரிலும் உள்ள ஆர்சனிக்கை மற்றத் தானியங்களைவிட அதிகம் உறிஞ்சும். மாற்றி மாற்றிச் சமையுங்கள்.

ஓட்ஸ்

ஓட்ஸுக்குத் தனியாக இடம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் மூன்று வழிகளுமே அதன்முன் கொஞ்சம் தடுமாறுகின்றன. ஓட்ஸின் புரதம் அவெனின். கோதுமையின் புரதத்திலிருந்து வேறுபட்டது. சீலியாக் நோயாளிகளில் பெரும்பாலோர் அதைத் தாங்கிக்கொள்கிறார்கள். சிறு எண்ணிக்கையினர் அவெனினுக்கே எதிர்வினை காட்டுகிறார்கள். அவர்கள் யார் என்று முன்கூட்டிச் சொல்ல எளிய சோதனை இல்லை. அதோடு கலப்படச் சிக்கல் வேறு. பார்லி மணியும் ஓட்ஸ் மணியும் உருவத்தில் நெருக்கம். பயறில் பொறுக்கியதுபோல இதில் பொறுக்க முடியாது. ஒரு மூட்டையின் ஒரு மூலை சுத்தமாக இருக்கும், மறுமூலையில் நாலைந்து பார்லி மணிகள் இருக்கும்.

சான்றுள்ள ஓட்ஸிலும் இரண்டு வகை உண்டு. விதைப்பதிலிருந்தே தனி வயல், தனி இயந்திரம், தனி ஆலை என்று காப்பாற்றிக் கொண்டுவருவது ஒன்று. சாதாரண ஓட்ஸை வாங்கி, இயந்திரத்தால் மணி மணியாகப் பிரித்தெடுப்பது மற்றொன்று. நான் முதல் வகையையே தேடுவேன். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் எந்த ஓட்ஸையும் ‘குளூட்டன் இல்லாதது’ என்று விற்க அனுமதியே இல்லை.

என் தீர்ப்பு: முதல் ஆண்டில் ஓட்ஸ் வேண்டாம். எதிர்ப்பொருள் இயல்புக்கு வந்த பிறகு, மருத்துவரிடம் சொல்லிவிட்டு, பெரியவர்கள் நாளொன்றுக்கு உலர்ந்த எடையில் சுமார் 50 கிராம் என்று தொடங்கலாம். சில மாதங்களில் மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டும். நாங்கள் அப்படித்தான் தொடங்கினோம். என் மகளுக்கு ஒத்துக்கொண்டது. அதை வைத்து உங்கள் குழந்தைக்கும் ஒத்துக்கொள்ளும் என்று நான் சொல்ல மாட்டேன்.

வாங்கியது வீட்டுக்கு வந்த பிறகு

சூடு குளூட்டனை அழிக்காது. கோதுமை மாவு தோய்த்துப் பொரித்த எண்ணெயில் உருளைக்கிழங்கைப் போட்டால், கிழங்கு எவ்வளவு பாதுகாப்பானதாக இருந்தும் பயனில்லை. உணவகங்களில் முதலில் கேட்க வேண்டியது உட்பொருளை அல்ல, எண்ணெயை. பாஸ்தா வேகவைத்த நீரும் அதே கதை. ஆனால் சோப்பும் தண்ணீரும் போட்டு நன்றாகத் தேய்த்த எஃகுப் பாத்திரத்தில் அச்சமில்லை. கீறல் விழுந்த மரப்பலகை, துளைகளில் பாஸ்தா ஒட்டிய வடிகட்டி, மாவுச் சல்லடை ஆகியவற்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வெண்ணெய், ஜாம் டப்பாக்களையும் தனியாக வையுங்கள், ரொட்டித் தூள் ஒட்டிய கத்தி அதில்தான் முதலில் போகும். அயோடின் சொட்டு விட்டுப் பார்ப்பது வேண்டாம். அது காட்டுவது மாவுச்சத்தை, குளூட்டனை அல்ல. மாத்திரைகளில் இணைப்புப் பொருளாகச் சேர்க்கும் மாவுச்சத்து எதிலிருந்து வந்தது என்று மருந்தாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அரிசி மாவை இப்போது நாங்கள் இரண்டு பாக்கெட்டுகளிலிருந்தும் வாங்குவதில்லை. சாதாரண அரிசியை வாங்கித் தட்டில் பரப்பிப் பார்த்து, அலசி, துணியில் உலர்த்தி, கோதுமை தொடாத ஓர் அரவை இயந்திரத்தில் வீட்டிலேயே அரைத்துவிடுகிறோம். அவசரத்துக்குச் சான்றுள்ள பாக்கெட் ஒன்று மேல் தட்டில் இருக்கிறது.